கோடைக்கு ஒளிக்கும் பூவும் கோடையில் நிற்கும் பூவும்

சிறுபோகத்தில், அதுதான் கோடைப் பயிர்க்காலம், முதல்முதல் பூசணி போட்ட வருடம், வன்னியில் முத்தையன்கட்டுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காணியில் கொடி நன்றாகத்தான் படர்ந்தது. பூவும் பூத்தது. பெண்பூவின் அடியில் போளையளவு பிஞ்சும் தெரிந்தது. நாலு நாளில் அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி, தொட்டவுடன் கையோடு வந்தது. உரக்கடையில் பூச்சிதான் காரணம் என்று ஒரு போத்தல் மருந்து தந்தார்கள். அடித்தோம். அதற்குப் பிறகு இன்னும் கூடத்தான் உதிர்ந்தது.

ஒருநாள் விடியற்காலையில் கொடிக்குள் குந்தியிருந்து பார்த்தேன். பூசணிப் பூ ஒரேயொரு காலைக்குத்தான் விரியும். விடியும்போது திறக்கும், வெயில் ஏற ஏறச் சுருண்டுவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஆண்பூவின் மகரந்தத்தை யாராவது கொண்டுவந்து பெண்பூவில் சேர்க்க வேண்டும். அன்றைக்கு வந்தவை சில எறும்புகளும் இலை தின்னும் ஒரு வண்டும்தான். தேனீ ஒன்றுகூட இல்லை. மிச்சக் கோடை முழுக்க நானே தேனீ வேலை பார்த்தேன்: ஆண்பூவைப் பிடுங்கி, இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண்பூவுக்குள் தடவி, வரிசை வரிசையாக. காய் பிடித்தது, முதுகும் பிடித்தது.

வேலிக்கரையில் பூச்செடி வைக்கும் யோசனை அந்தக் கோடையில் தொடங்கியது. என்ன வைக்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நான் வைத்துப் பார்த்தவை, வைத்துவிட்டுக் கைவிட்டவை, வைக்காமலே வந்து நின்றவை எல்லாவற்றையும் இங்கே ஒன்றோடொன்று எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் மாதக் கணக்கு. வன்னியில் மழை ஐப்பசியில் தொடங்கி, மார்கழி தை வரை கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். சித்திரையில் ஒன்றிரண்டு இடிமழை பெய்தால் அது போனஸ். வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு சோளகமும் கச்சானும் வீசத் தொடங்கினால், புரட்டாதி வரை ஈரமண்ணைக் கிணற்றடியில்தான் பார்க்கலாம். பூவின் கணக்கும் இதே கணக்குத்தான். மார்கழி, தை, மாசியில் ஒழுங்கையெல்லாம் பூ. பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும், நாங்கள் வடகத்துக்குப் பூப் பொறுக்குவோம். அதன் பின்னாலே கொன்றை. ஆனிக்குப் பிறகு புரட்டாதி முடியும் வரை தேனீக்குப் பஞ்சம். நாங்கள் கிணற்றை நம்பிப் பூசணியும் பாகலும் கத்தரியும் போடுவதோ சரியாக அந்த மாதங்களில்.

ஆகவே என் கேள்வி எந்தப் பூ அழகு என்பதல்ல, மாரியில் எது செழிக்கும் என்பதுமல்ல. ஆடியில் எது பூத்து நிற்கும் என்பதுதான்.

இங்கே ஒரு சொல் ஆட்களைக் குழப்புகிறது. ‘வறட்சி தாங்கும் செடி’ என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று, கோடை வந்தால் ஒளித்துக்கொள்வது. விதையாகவோ கிழங்காகவோ மண்ணுக்குள் படுத்திருந்து மழைக்கு எழும்பும். மற்றது, வேரை ஆழத்துக்கு விட்டுக்கொண்டு கோடையிலும் நிற்பது. இரண்டும் வறட்சியை வெல்லத்தான் செய்கின்றன. ஆனால் ஆடி மாதத்துத் தேனீக்கு முதலாவதால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

கார்த்திகைப்பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் செங்காந்தள் என்ற பெயரில் அதுதான் மாநில மலர். மழை கண்டதும் கிழங்கிலிருந்து கிளம்பி, இலை நுனியையே கொக்கியாக்கி வேலியில் ஏறி, கார்த்திகையில் எரிவதுபோல் பூக்கும். வண்ணத்துப்பூச்சிகள் வரும். மாரி முடியக் கொடி காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கிவிடும். எனக்கு அது வேண்டும், என் வேலியில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆனால் பூசணிக்காக அதை வைக்கிறேன் என்று சொன்னால் பொய். கிழங்கு கடும் நஞ்சு என்பதால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வளவில் கைக்கெட்டும் இடத்தில் அதை விடவும் கூடாது.

நேர்சரிப் பூக்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் செவ்வந்தியும் ஜினியாவும் நாற்பது கன்று வாங்கி வைத்தேன். காலையும் மாலையும் பத்துப் பத்து வாளி தண்ணீர் இழுத்தேன். பார்ப்பவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், தேனீயைத் தவிர. இதழ் அடுக்கடுக்காக இருக்கும் இனங்களில் தேனும் மகரந்தமும் குறைவு. இருப்பதையும் பூச்சி எட்ட முடியாதபடி இதழ் மூடிக்கொள்கிறது. ஒற்றை அடுக்குச் சூரியகாந்தி என்றால் வேறு கதை, அதற்குத் தேனீ வரும். ஆனால் கிணறு கீழே போகிற மாதத்தில் பூவுக்கு இறைப்பதா, கத்தரிக்கு இறைப்பதா? இரண்டாவது வருடம் அந்தப் பாத்தியைக் கைவிட்டேன்.

எதுவும் வைக்காமல், வருவதை வரவிடுவது இன்னொரு வழி. காசு செலவில்லாத வழி என்பதால் இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். வேலிக்கரையில் மூன்றடி அகலத்துக்கு மண்வெட்டி படாமல் விட்டுப் பாருங்கள். மழை விழுந்த ஒரு மாதத்துக்குள் தும்பை வரும். அதன் வெள்ளைப்பூவில் தேன் உண்டு. காலையில் கொசுத்தேனீயும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளும் அதைச் சுற்றியே நிற்கும். சிவனுக்குச் சாத்தத் தும்பை தேடி அலைய வேண்டியதுமில்லை. விஷ்ணுகிரந்தி தரையோடு படர்ந்து நீலமாய்ப் பூக்கும். நெருஞ்சியும் வரும். மஞ்சள் பூ வெயிலைப் பார்த்துத் திரும்பி நிற்பது வடிவுதான், ஆனால் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைப் பிடுங்கிவிடுங்கள். மூக்குத்திப்பூண்டும் சேர்ந்து வரும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி, எங்கள் நாட்டுப்பூ அல்ல. ஆனாலும் வருடம் முழுக்கப் பூக்கிறது, தேனீயும் விடாமல் வருகிறது, நாட்டுச்செடியை அமுக்கிக் கொல்வதுமில்லை. நான் அதோடு சண்டைக்குப் போவதில்லை.

பாத்தீனியம் அப்படியல்ல. கரட் இலை மாதிரி இலையும் சோளப்பொரி தூவியதுபோல வெள்ளைப்பூவுமாக அழகாய்த்தான் வரும். கை அரிக்கும், மூச்சு இழுக்கும், பயிரையும் விடாது. பூக்கமுன் கையுறை போட்டுப் பிடுங்கி எரிக்க வேண்டும். நாயுண்ணியும் அதே கணக்குத்தான். வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறதே என்று விட்டால் இரண்டு மாரிக்குள் வேலியே அதுவாகிவிடும். மன்னார்ப் பக்கத்தில் சீமைக்கருவேலைத் தேனுக்காகப் புகழ்கிறவர்களும் உண்டு. தேனீ வருகிறது என்பது மட்டும் ஒரு செடிக்குத் தகுதியாகிவிடாது.

வரவிடும் வழியின் குறை என்னவென்றால், பங்குனி வெயிலில் அநேகமாக எல்லாம் காய்ந்து சருகாகிவிடும். தும்பை ஒளித்துக்கொள்ளும் சாதி. இன்னொரு குறையை ஒழுங்கை முடிவில் இருக்கும் பெரியம்மா படலையில் நின்றபடியே சொன்னார். “பிள்ளை, வேலிக்கரையைத் துப்புரவாக்காமல் புடையனுக்கு வீடு கட்டிக் குடுக்கிறியோ?” சும்மா சொன்ன பகிடி இல்லை அது. வன்னியில் பாம்புக்கடி எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்த சங்கதி. அதனால் வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் நடக்கிற பாதையிலிருந்தும் தள்ளித்தான் பத்தை விட வேண்டும். காய்ந்த சருகை மாசி கடைசியில் வழித்துவிடுகிறேன். அதற்குள் விதை விழுந்துவிட்டிருக்கும்.

விதைத்து வளர்க்கும் பூண்டுகளில் நான் நம்புவது காவிளாய். தமிழ்நாட்டில் கொழுஞ்சி என்பார்கள். கடற்கரை மணலிலும் கிரவல் மேட்டிலும் ஆள் பார்க்காமலே நிற்கும். அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். தோட்டத்துக்குப் பசுந்தாளாகக் காவிளாய் வெட்டிப் போட்டது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். எங்களுக்கு 2021இல், இரசாயன உரத்துக்குத் தடை வந்து கடையில் மூட்டையே இல்லாமல் போனபோதுதான் அது திரும்பவும் நினைவுக்கு வந்தது. ஊதாப்பூ சின்னது, வேரோ ஆழமானது. மழை நின்று கனகாலம் பச்சையாக நிற்கும். எல்லாவற்றையும் பசுந்தாளுக்கு வெட்டாமல் ஒரு வரிசையைப் பூக்க விடுங்கள், சின்னத் தேனீக்களுக்கு அது போதும்.

கிலுகிலுப்பையும் இதே இடத்துக்குப் பொருந்தும். காய்ந்த காயை ஆட்டி விளையாடாத பிள்ளை எங்கள் காலத்தில் இல்லை. எருக்கலையில் புழுவாக வளர்கிற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் அதன் இனத்தவையும் இந்தச் செடிக்குத் தேன் குடிக்க மட்டும் வருவதில்லை. காய்ந்த இலையிலும் காயிலும் உள்ள ஒரு கசப்புச் சாரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன, ஆண்பூச்சிகளுக்குச் சோடி சேர அது வேண்டும். அதே சாரம் மாட்டுக்கு நஞ்சு. மாடு கட்டுகிற பக்கம் கிலுகிலுப்பை வேண்டாம்.

இனிப் புதர்கள். வேலியாகவும் பூவாகவும் நிற்பவை இவைதான், நான் முடிவில் வந்து நின்றதும் இங்கேதான்.

ஆவரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியைச் சொல்லாமல் யாரும் ஆவரையைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் அதைச் சொல்லித்தான் முதலில் அதை வைத்தேன். இரண்டாம் வருடம் ஆளுயரத்துக்கு வந்து, ஆடி வெயிலிலும் மஞ்சளாய்ப் பூத்தது. ஆனால் தேன்பெட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “அக்கா, இதில என்ரை தேனீக்கு ஒண்டும் இல்லை” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆவரைப் பூவில் தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அந்த மகரந்தமும் உப்புப்போத்தல் மாதிரி, நுனியில் சின்ன ஓட்டையுள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. யாராவது பிடித்துக் குலுக்கினால்தான் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

யாருக்குத் தெரியும் என்று அறிய ஒருநாள் காலை ஆவரையடியில் நின்றேன். கரிய பெரிய வண்டு ஒன்று, மரத்தில் துளை போட்டு வாழுமே அதுதான், அதுவும் ஒரு தேனீ இனம்தான், வந்து பூவைக் கால்களால் கட்டிப் பிடித்தது. சிறகு அசையவில்லை, உடம்பு மட்டும் அதிர்ந்தது. பறக்கும்போது வரும் இரைச்சலைவிடக் கூர்மையாக, கைத்தொலைபேசி மேசையில் அதிர்வதுபோல ஒரு ‘ஙீ’ சத்தம். விட்டுப் பறந்தபோது அதன் வயிறெல்லாம் மஞ்சள் மா. கொஞ்ச நேரத்தில் வயிற்றில் நீலவரி போட்ட இன்னொரு தேனீ, அதில் பாதியளவுகூட இல்லை, அதே வேலையைச் செய்தது. அங்கிருந்து பறந்தது நேரே எங்கள் கத்தரிப் பாத்திக்கு.

எனக்கு எல்லாம் பொருந்தியது அப்போதுதான். கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் இதே மாதிரி ஓட்டைப் பைகள்தான் வைத்திருக்கின்றன. காற்றுக்கும் ஓரளவு காய்க்கும், ஆனால் குலுக்கத் தெரிந்த தேனீ வந்தால் காய் கூடப் பிடிக்கும், நிறைவாகவும் இருக்கும். ஆகவே கத்தரி, தக்காளி போடுகிறவருக்கு ஆவரை. அந்தக் குலுக்கும் தேனீக்களைக் கோடை முழுக்கக் காணியில் வைத்திருப்பது அதுதான். இலைக்கு ஒருவகை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிட வரும், புழு கொஞ்சம் கடிக்கும். அதற்கு மருந்தடிக்கப் போகாதீர்கள், செடி தானாகத் துளிர்க்கும்.

பூசணி, பாகல் போடுகிறவருக்கும் தேன்பெட்டி வைத்திருப்பவருக்கும் நொச்சி. வெளிர்நீலப் பூங்கொத்தில் தேன் நிறைய உண்டு, பெட்டித் தேனீ, கொசுத்தேனீ, குளவி எல்லாம் வரும். புதுத் துளிரின் நுனியில் பூப்பதுதான் அதன் நல்ல குணம். மாசியில் ஒருபாதி வேலியை இடுப்பளவுக்கு வெட்டுகிறேன், மறுபாதியை வைகாசியில். ஒருபாதி பூத்து ஓய மறுபாதி பூக்கும். வெட்டிய இலை வீணில்லை. தடிமனுக்கு ஆவி பிடிக்கலாம், பயற்றங்கொட்டைச் சாடிக்குள் காய்ந்த இலை போட்டால் வண்டு குறையும். ஆனால் வறட்சி தாங்குவதில் ஆவரைக்கு ஒரு படி கீழேதான். வேர் பிடிக்கும் முதல் கோடையில் கிழமைக்கு ஒருதடவையாவது தண்ணீர் கேட்டது. குளத்து வாய்க்கால் பக்கமோ கிணற்றுத் தண்ணீர் வழியும் பக்கமோ வைத்தால் பிரச்சினை இல்லை.

ஆடாதோடை, ஆடு தொடாதது என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? கட்டாக்காலி மாடும் ஆடும் திரிகிற ஊரில் இது லேசான தகுதி இல்லை. நான் ஆசையாய் வைத்த எத்தனையோ கன்றை இரவோடிரவாக இழந்திருக்கிறேன். ஆடாதோடையை எதுவும் கடிக்கவில்லை. எங்கள் வேலியில் அதன் வெள்ளைப்பூ தை தொடங்கிப் பங்குனி வரை பூக்கிறது, இருமலுக்குக் கஷாயமும் ஆகும். என் ஆடிக் கணக்குக்குத்தான் உதவாது. அதனால் அதை வெளிப்பக்க வரிசையில், மாட்டுக்கு மறைப்பாக வைத்திருக்கிறேன், நொச்சி உள்வரிசையில்.

எருக்கலையை யாரும் வைப்பதில்லை, அது தானாக நிற்பது. வருடம் முழுக்கப் பூக்கும், அந்தக் கரியவண்டு வரும், மாடு கடிக்காது, பிள்ளையாருக்கு மாலையும் ஆகும். பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதை மட்டும் மறக்காமல், காணி மூலையில் இரண்டு செடியை வெட்டாமல் விடுங்கள். மன்னார்ப் பக்கத்துக் காய்ந்த மணலில் இருப்பவர்களுக்கு என் பட்டியலில் நொச்சியை எடுத்துவிட்டு இதையும் ஆவரையையும் மட்டும் வைப்பேன்.

வேலிக்கு நட்ட கிளிசரியாக் கதியால் ஏற்கெனவே நிற்கிறதே என்று கேட்பீர்கள். நிற்கட்டும். மெக்சிக்கோப் பக்கத்து மரம் என்றாலும் தை, மாசியில் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாய்ப் பூக்கும்போது தேனீக்கு நல்ல விருந்து. ஆனால் அது விருந்து வைப்பது ஊரெல்லாம் கலியாண வீடாக இருக்கும் மாதத்தில். பாலை, வீரை, கொன்றை போன்ற மரங்களை வைக்க இடமிருந்தால் வையுங்கள். பாலை ஆறுதலாக வளரும் மரம், அதைப் பேரப்பிள்ளைகளுக்கு என்று நினைத்து வைக்க வேண்டும்.

காணி சொந்தமில்லை, குத்தகைக்குத்தான் செய்கிறீர்கள் என்றால் புதரில் கையை வைக்காதீர்கள். நீங்கள் வைத்து இரண்டாம் வருடம் பூக்கும்போது காணிக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பார், எங்களுக்கு ஒருதடவை அப்படி நடந்தது. தும்பையை வரவிட்டு, காவிளாய் ஒரு வரிசை தூவினால் போதும். சொந்தக் காணி, கோடைத் தோட்டம் என்றால் வேலி நீளத்துக்கு ஆவரையும் நொச்சியும் கலந்து, அடியில் தும்பை. இரண்டில் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால், கத்தரிக்காரர் ஆவரை, பூசணிக்காரர் நொச்சி.

குலுக்கும் தேனீக்குப் பூ மட்டும் போதாது. அந்த நீலவரித் தேனீ மண்ணில், முக்கியமாகக் காய்ந்த மண்சுவரில் துளை போட்டுத்தான் குஞ்சு வளர்க்கும். வீட்டுத்திட்டக் கல்வீடு வந்தபிறகு எங்கள் ஒழுங்கையில் மண்சுவர் என்று மிஞ்சியிருப்பது எங்கள் பழைய அடுப்படி மட்டும்தான். இடிக்க வேண்டுமென்று இவர் வருடா வருடம் சொல்கிறார். கிழக்குச் சுவரில் இருபதுக்கு மேல் துளை இருக்கிறது, அது விழும்வரை நிற்கட்டும் என்று விட்டிருக்கிறேன். கரியவண்டுக்குக் காய்ந்த முருங்கைக் கட்டையோ உக்கிய கதியாலோ போதும். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால், பூசணிப்பூ சுருண்ட பிறகு பொழுதுபடும் நேரத்தில் அடியுங்கள்.

விதை வாங்க எங்கேயும் போக வேண்டாம். ஆவரை நெற்று மாசி, பங்குனியில் தெருவோரமே கிடைக்கும். காட்டோரம் பொறுக்கப் போகிறவர்கள், கண்ணிவெடி அகற்றி முடித்த இடம்தானா என்று ஊராட்களிடம் கேட்டுவிட்டுக் கால் வையுங்கள். காப்புக் காட்டுக்குள் கை வைக்கவும் கூடாது. ஆவரை விதையின் தோல் கல்லுமாதிரி, அப்படியே போட்டால் பாதிகூட முளைக்காது. கொதித்த தண்ணீரை இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். காவிளாய்க்கும் அப்படித்தான். ஊதிப் பருத்த விதையை அரை அங்குல ஆழத்தில், மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றலாம். நொச்சிக்கும் ஆடாதோடைக்கும் விதை தேவையில்லை, பெருவிரல் மொத்தத்தில் ஒரு முழத் தடி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஐப்பசி மழையில் குத்தினால் வரும்.

இந்த வருடம் கிழக்கு வேலியில் முப்பதடி இன்னும் வெறுமையாக இருக்கிறது. புரட்டாதி கடைசி. வானம் வடகிழக்கே கறுக்கத் தொடங்கிவிட்டது. ஆவரை விதை சட்டிக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது. பெரியம்மாவும் படலைக்கு வந்து, தன் வேலிக்கு ஒரு கைப்பிடி விதை கேட்டுவிட்டுப் போனார், வீட்டுப் பக்கமில்லாத வேலிக்குத்தான் என்று இரண்டுதரம் சொல்லிக்கொண்டே.